மட்டக்களப்பிலிருந்து பதுளை: மூன்று நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான்: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு குடும்பம் ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாள் மலைப்பக்கம் போக நினைக்கிறது. பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், சொந்த வான். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வருத்தம். நுவரெலியாவுக்குப் பல தடவை போயாயிற்று. பதுளை, எல்ல பக்கம் போனால் பார்க்க என்ன இருக்கிறது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, ஆகஸ்ட் மாதம் சரிவருமா?

தம்பி, சரிவரும். பதுளைக்கே போங்கள்.

மலை என்றால் எங்கள் சனத்துக்கு நுவரெலியாதான். இரவோடு இரவாக வானில் ஏறி, விடிய விடிய ஓடி, பூங்காவில் படம் எடுத்து, குதிரையில் பிள்ளையை ஏற்றி இறக்கி, அடுத்த இரவே தூக்கக் கலக்கத்தோடு திரும்பி வருகிறோம். எங்களுக்கு ஆகக் கிட்டின மலை நகரம் பதுளை. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாக வருகிற ஏ5 வீதி முடிகிற இடமே எங்கள் செங்கலடிச் சந்தி. அந்தச் சந்தியில் திரும்பினால் நேரே பதுளை. நூற்றைம்பது கிலோமீற்றருக்குள்தான், வானுக்கு நான்கு மணித்தியாலம் போதும். போர்க் காலத்தில் இந்தப் பாதையால் நிம்மதியாகப் போய்வர வழியிருக்கவில்லை. அதனால் ஒரு தலைமுறைக்கே இது பழக்கமில்லாமல் போய்விட்டது. இப்போது நல்ல காபெட் வீதி.

முதலில் காலநிலையைச் சொல்கிறேன். ஆகஸ்டில் எங்கள் ஊரில் கச்சான் காற்று எப்படிச் சுடச்சுட அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்று தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு வந்து, ஹட்டன், நுவரெலியா பக்கத்துச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி, பதுளை அடங்கிய ஊவாப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கி, கடைசியில் எங்கள் கரைக்கு வருகிறது. அதனால் ஹட்டனில் மழை ஊற்றுகிற அதே நாளில் பதுளையிலும் பண்டாரவளையிலும் வெயில் எறிக்கும். நுவரெலியாவுக்கு ஆகஸ்டில் போய் மூன்று நாளும் மழைக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் எத்தனை பேர்! பதுளையில் அந்தப் பயம் குறைவு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காய்ந்த காற்று பட்டுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசம் வருகிறது. கொழுந்து மெதுவாக வளரும், சாயம் குறையும், மணம் கூடும். வருடத்தில் ஆக நல்ல தேயிலை இந்த மாதங்களில்தான் அங்கே எடுபடுகிறது. வாங்கிவர நினைத்திருந்தால் இதுதான் பருவம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. காய்ந்த காலம் என்பதால் அருவிகளில் தண்ணீர் மெலிந்திருக்கும். அருவிக்காகவே போகிறவர் ஜனவரி, பெப்ரவரியில் போகவேண்டும். ஆனால் மழை உச்சமாக இருக்கிற ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். அது மண்சரிவுக் காலம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் காலை நேரம் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசை வீடுகளை மூடியது. அத்தனை பேரும் எங்கள் சனம், தோட்டத்துத் தமிழர். அந்த மாதங்களில் கட்டாயம் போகவேண்டி வந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வாகனத்தை எடுக்கவேண்டும்.

இன்னொன்று, பதுளையில் நடுங்கும் குளிர் இல்லை. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றரில்தான் இருக்கிறது, சுற்றிவர மலை. பகலில் நல்ல வெயில், இரவில் ஒரு மெல்லிய சுவெட்டர் போதும். குளிரே வேண்டும் என்றால் பண்டாரவளை, அதற்கும் மேலே அப்புத்தளை. அப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டும், அங்கே மாலையில் காற்று எலும்புக்குள் இறங்கும். அம்மாவின் முழங்காலுக்குக் குளிர் ஆகாது என்றால் பதுளையில் தங்கி மற்ற இடங்களுக்குப் போய்வருவதே நல்லது. தங்கும் செலவும் எல்லயை விட இங்கே குறைவு.

இனி வீதி. விடியற்காலை ஐந்து ஐந்தரைக்குப் புறப்படுங்கள். செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை வரை வயலும் குளமும் காடுமாக எங்கள் நிலம்தான். மகாஓயா தாண்டி, பதியத்தலாவை, பிபிலை. பிபிலையில் தேத்தண்ணிக்கு நிறுத்துங்கள். தோடம்பழத்துக்குப் பேர்போன ஊர், பருவம் என்றால் வீதியோரமே குவித்திருப்பார்கள். இந்தப் பகுதி வெல்லஸ்ஸ. 1817, 18இல் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த பெரிய கிளர்ச்சி இந்த மண்ணில்தான் தொடங்கியது. பதுளையில் இருந்த உதவி அதிகாரி வில்சன் கொல்லப்பட்டது இந்தப் பக்கத்தில்தான். ஹாஜி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒருவரை ஆங்கிலேயர் முகாந்திரம் என்ற உள்ளூர் அதிகாரிப் பதவியில் நியமித்ததும் அந்தக் கொதிப்புக்கு ஒரு காரணம். கிளர்ச்சியை அடக்கியபோது வயலை எரித்து, மாடுகளைக் கொன்று, ஊர்களை வெறுமையாக்கினார்கள். பிபிலையைக் கடக்கும்போது வீதியோரத்து வயல்களைக் காட்டிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பள்ளிப் புத்தகத்தில் நான்கு வரியாகப் படித்தது அப்போது மனதில் ஏறும்.

பிபிலைக்குப் பிறகு லுணுகலை நோக்கி ஏற்றம் தொடங்கும். முதல் தேயிலைச் செடியை யார் காண்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் போட்டி வைக்கலாம். சாரதிக்கு மட்டும் இங்கிருந்து வேடிக்கை வேண்டாம். எங்கள் ஊர்ச் சாரதிமார் நேர் வீதியில் கெட்டிக்காரர், மலை வேறு. ஏறிவந்த கியரில்தான் இறங்கவேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவது. பிரேக் கருகும் வாசம் வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றவேண்டாம். குறுகிய இடத்தில் ஏறிவருகிற வாகனத்துக்கு வழிவிட்டு நில்லுங்கள். 2021 மார்ச்சில் இதே லுணுகலை, பசறை வீதியில் 13ஆம் கட்டைக்கு அருகில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 செப்டெம்பரில் எல்ல, வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்தவர்களின் பஸ் இரவில் விழுந்து 15 பேர் போனார்கள். புறப்படுமுன் பிரேக்கையும் டயரையும் கராஜில் காட்டிவிடுங்கள். இருட்டில் மலை இறங்காதீர்கள். இந்த இரண்டையும் கேட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். வளைவுகளில் பிள்ளைகளுக்குச் சத்தி வரும், காலைச் சாப்பாட்டை அரை வயிறாக வைத்துக்கொண்டு ஒரு தேசிக்காயும் இஞ்சித் துண்டும் கையில் வைத்திருங்கள்.

பசறை தாண்டினால் பதுளை. மத்தியானத்துக்கு முன்னே சேர்ந்துவிடலாம். சாப்பிட்டு, அம்மாவைக் கொஞ்சம் படுக்கவிட்டு, வெயில் தணிய நகரத்தைப் பாருங்கள். எல்லோரும் பதுளையை வெறும் பஸ் மாறுகிற ஊராக நினைத்து எல்லக்கு ஓடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் இந்தச் சிறு நகரத்துக்குள்ளே ஆயிரம் வருடத்தை நடந்தே பார்க்கலாம்.

முத்தியங்கனை விகாரை பௌத்தர்களின் பதினாறு புனிதத் தலங்களில் ஒன்று. வெள்ளை அல்லது வெளிர் நிற உடுப்போடு, தோள், முழங்கால் மூடிப் போங்கள். விசாலமான மணல் முற்றம், அம்மா ஆறுதலாக இருக்க நிழல் உண்டு. மறுகா கதிர்காமத் தேவாலயம். எங்கள் முருகனை சிங்கள மக்கள் கண்டிப் பாணிக் கட்டடத்தில் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று பார்க்கவாவது போகவேண்டும். கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடந்து போகிற ஊர்க்காரர் நாங்கள், எங்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது.

பதுளைப் பொது நூலக வளவில் ஒரு கல்தூண் நிற்கிறது. நகரத்தில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் நான் அதைத்தான் காட்டுவேன். பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, நான்கு பக்கமும் எழுத்து. மகியங்கனைக்குக் கிட்ட, சொரபொர குளத்துப் பக்கத்தில் 1857இல் கண்டெடுத்து, பிறகு பதுளைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஹோபிட்டிகம என்று ஒரு சந்தை ஊர் இருந்தது. அரசன் மகியங்கனைக்குக் கும்பிட வந்த நேரம் ஊரவரும் வியாபாரிகளும் போய், அதிகாரிகள் முறையில்லாமல் வரி பிடுங்குகிறார்கள் என்று முறையிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த கட்டளைதான் கல்லில் இருக்கிறது: எதற்கு வரி, எதற்கு இல்லை, எந்த அளவையால் அளக்கவேண்டும், போயா நாளில் வியாபாரம் கூடாது என்று வரிவரியாக. அரசர் பெருமை பாடுகிற கல்வெட்டுகள் நாட்டில் நிறைய உண்டு. சந்தையில் கடை விரித்தவனின் முறைப்பாட்டைக் கேட்டு எழுதின கல் எத்தனை? கிட்டப் போய்ப் பாருங்கள், கை வைத்துத் தேய்க்கவேண்டாம்.

அங்கிருந்து புனித மாற்கு தேவாலயம், 1857இல் கட்டியது. மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்த கோயில். பதுளையில் ஆட்சி செய்தவர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று அவரைப்பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். வீதி அமைத்ததிலும் கெட்டிக்காரர் என்றே பேர். யானை இறங்கி வயலை அழிக்கிறது என்று இன்று நாங்கள் இரவிரவாகக் காவல் கிடக்கிறோம். ஒரு தனி மனிதன் அத்தனை யானையைச் சுட்டு, கோப்பிக்காகக் காடும் அழிந்த காலம் ஒன்று இருந்தது என்பதை அந்தக் கோயில் வாசலில் நின்று நினைத்தால் மனம் கனக்கும். வெலேகடைப் பழைய சந்தைக் கட்டடம் எண்கோணமானது, ஆங்கிலேயர் காலத்தது, போகிறபோக்கில் பார்க்கலாம். ராச்சாப்பாட்டுக்கு பஜாரில் தமிழ்க் கடை, முஸ்லிம் கடை இரண்டும் உண்டு. மொழிப் பிரச்சினை துளியும் வராது, பதுளைக் கடைத்தெருவில் தமிழ் நன்றாக ஓடும்.

இரண்டாம் நாளை ரயிலுக்குக் கொடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன்.

கண்டியிலிருந்து எல்லக்கு ரயிலில் இடம் பிடிக்கச் சனம் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். ஆனால் மலைநாட்டு ரயில் பாதையின் ஆகச் சிறந்த வேலைப்பாடு முழுவதும் கடைசித் துண்டில், பதுளைக்கும் எல்லக்கும் இடையில் இருக்கிறது. பதுளையில் ரயில் புறப்படுவதால் பெட்டி காலியாக இருக்கும், கொஞ்சம் முன்னே போனால் ஜன்னல் ஓரம் கிடைக்கும். மூன்றாம் வகுப்பே போதும். ஒரு மணித்தியாலப் பயணம், வானைச் சாரதி எல்லக்கோ பண்டாரவளைக்கோ கொண்டுவந்து நிற்கட்டும். ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று முதல்நாள் மாலையே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு இந்தப் பாதையில் தடங்கல் வருவது உண்டு.

பதுளை நிலையம் 1924இல் திறந்தது. எங்கள் மட்டக்களப்புக்கு 1928இல்தான் ரயில் வந்தது. பண்டாரவளைக்கு 1894இலேயே பாதை வந்துவிட்டது, அங்கிருந்து பதுளைக்கு இறங்க மேலும் முப்பது வருடம் எடுத்தது. ஏன் என்று ரயிலில் இருந்தால் விளங்கும். மலைப்பாதையில் ரயில் ஏறுகிற சாய்வுக்கு எல்லை உண்டு, 44 அடி ஓடினால் ஒரு அடிதான் ஏறலாம். குறுகிய இடத்தில் உயரத்தைப் பிடிக்கவேண்டும் என்றால் பாதையை நீட்டவேண்டும், நீட்ட இடமில்லை என்றால் சுற்றவேண்டும். தெமோதரையில் அதைத்தான் செய்தார்கள். பதுளையிலிருந்து வருகிற ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். வெளியே வந்து மலையைச் சுற்றி ஏறும். கடைசியில் நிலையத்தில் வந்து நிற்கும், அந்த நிலையம் இருப்பது நீங்கள் சற்றுமுன் நுழைந்த சுரங்கத்துக்கு நேர் மேலே. பிள்ளைகளைச் சுரங்கம் வரும்போதே தயாராக வைத்திருங்கள், நிலையத்தில் நின்றதும் கீழே எட்டிப்பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சுற்றுக்கு ஒரு கதை உண்டு. வழி தெரியாமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த பொறியியலாளர், ஒரு தோட்டத்துக் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இந்த யோசனையைப் பிடித்தாராம். பொறியியலாளர் விமலசுரேந்திரா என்பார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அந்த மலையில் கல் உடைத்ததும் மண் சுமந்ததும் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் கைகள் என்பதில் சந்தேகமில்லை. கதையில் கங்காணிக்குப் பெயர் இல்லாமல் போனது எனக்கு எப்போதும் உறுத்தும்.

தெமோதரைக்கு அடுத்தது ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் முடித்தது. 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பு வைக்கவில்லை. முதலாம் உலகப் போரில் இரும்பு யுத்தத்துக்குப் போய்விட்டதால் ஊர்க்காரர் கல்லால் கட்டினார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்கிற கதை. பாலம் வளைந்திருப்பதால், ரயிலின் பின்பெட்டியில் இருந்தால் முன்பெட்டிகள் அதன்மேல் திரும்பிப் போவதை ஜன்னலாலேயே காணலாம். அம்மாவுக்கு இதுதான் வழி, ஏறி இறங்கி நடக்கத் தேவையில்லை. பாலத்தைக் கீழிருந்து பார்க்க ஆசைப்படுகிற இளையவர்கள் எல்லயில் ஓட்டோ பிடித்துப் போய்வரட்டும். தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுக்கப்போய் அடிபட்டவர்கள் உண்டு, கதவில் தொங்குவதும் வேண்டாம்.

எல்லயைப்பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெளிநாட்டவர்க்கான கடைகளும் நெரிசலும்தான் நகரம். சின்னச் சிவனொளிபாத மலை ஏறுவது இலகு, பத்து வயதுப் பிள்ளையும் ஏறும், உச்சியில் எல்லப் பள்ளத்தாக்கு முழுதாகத் திறந்து கிடக்கும். வெல்லவாய வீதியில் இராவணன் அருவி, 25 மீற்றர், வீதியோரத்திலேயே இருப்பதால் வானை விட்டு இறங்காமலும் பார்க்கலாம். அங்கே குளிக்கவிடாதீர்கள், பாறை வழுக்கிப் பல உயிர் போன இடம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எல்லயில் அதிகம் நிற்காமல் அப்புத்தளைக்கு ஏறிவிடுவேன். அங்கே அதிஷாம் மாளிகை இருக்கிறது. சேர் தோமஸ் விலியர்ஸ் என்ற ஆங்கிலத் தோட்டத்துரை 1931இல் கட்டியது, இங்கிலாந்தில் தான் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். இப்போது ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா, பள்ளி விடுமுறை நாட்களில்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள், உங்கள் ஆகஸ்ட் அதற்குப் பொருந்தும். கருங்கல் சுவரும் பூந்தோட்டமும், பழைய நூலக அறையும். துறவிகள் தோட்டத்துப் பழத்தில் செய்கிற ஜாம் போத்தல் ஒன்று வாங்கிவாருங்கள். ஏற்ற இறக்கம் குறைவு, அம்மாவுக்குச் சரிவரும்.

லிப்டன் இருக்கை என்கிற இடத்தையும் கேட்பீர்கள். தம்பேத்தன்ன தோட்டத்துக்கு மேலே, தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த உச்சி. 1890இல் அவர் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் மேலே. காலை ஒன்பது, பத்துக்குப் பிறகு மூடுபனி ஏறி ஒன்றும் தெரியாது. அதனால் விடியுமுன் அங்கே நிற்க வேண்டும். பதுளையில் தங்கிக்கொண்டு இது முடியாது, அப்புத்தளையில் ஒரு இரவு தங்கினால் மட்டும் சேருங்கள். தொழிற்சாலையைப் போய்க் கேட்டுப் பார்க்கலாம், கொழுந்து வாடவைப்பதில் தொடங்கித் தூள் தரம் பிரிப்பது வரை விளக்குவார்கள். திரும்பும்போது பண்டாரவளைக்கும் பதுளைக்கும் நடுவில் தோவைக் குகை விகாரை. பாறையில் 38 அடி உயரப் புத்தர், செதுக்கி முடிக்காமல் விட்டது. வீதியிலிருந்து சில படிகள்தான்.

தோட்டங்களுக்குள் போகும்போது ஒரு வேண்டுகோள். கொழுந்து பறிக்கிற அக்காமாரைக் கண்டவுடன் வானை நிறுத்தி, கேளாமல் படம் எடுக்காதீர்கள். நிறை பார்த்துத்தான் அவர்களுக்கு நாள் சம்பளம், நின்று சிரிக்கிற ஒவ்வொரு நிமிடமும் கூடையில் குறையும். பேச விரும்பினால் மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரம் பாருங்கள், மட்டக்களப்பு என்று சொன்னால் அன்பாகப் பேசுவார்கள். லயன் என்பது ஆட்கள் குடியிருக்கிற வீடு, வாசலில் நின்று எட்டிப்பார்க்கிற காட்சிப்பொருள் ஆகாது. 1948இல் குடியுரிமையைப் பறித்து, 1964 ஒப்பந்தத்தில் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்குக் கப்பலேற்றி, எத்தனையோ கலவரத்தில் துரத்தியும் அந்த மலையைப் பச்சையாக வைத்திருப்பது அவர்கள். இரு நூறு வருடத்து உழைப்பை வெறும் பச்சைப் பின்னணியாக்கிப் படம் பிடித்துவிட்டு வருவது எங்களுக்கு அழகில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த இரண்டாம் நாள் மாலை நல்ல நேரம்.

மூன்றாம் நாள் காலை பிரிந்து போவதே நல்லது. இளையவர்கள் துன்ஹிந்த அருவிக்கு, நகரத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவு. 64 மீற்றர் உயரத்திலிருந்து பதுளு ஓயா விழுகிறது, காய்ந்த காலத்திலும் முற்றாக வற்றாது. வீதியிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்கவேண்டும், ஏற்றமும் இறக்கமும் படிகளும். அம்மாவுக்கு அது வேண்டாம். எட்டு மணிக்கே போய்விட்டால் வெயிலும் சனமும் குறைவு. குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும், சாப்பாட்டுப் பையைத் திறக்காதீர்கள். பொலித்தீனை அங்கே விட்டுவராதீர்கள்.

அம்மாவும் மற்றவர்களும் போகொடைக்குப் போகட்டும். ஹாலி-எல பக்கம், உள்ளே குறுகிய வீதி. கல்லந்த ஓயாவுக்கு மேலே மரத்தால் ஆன பாலம், ஓடு வேய்ந்த கூரையோடு. பதினாறாம் நூற்றாண்டு என்கிறார்கள். பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய நடைபாதையில் இருந்தது. நாட்டு மரங்களை ஒன்றோடொன்று கொளுவி ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். மழைக்குக் கூரை, உட்காரச் சாய்வு, கீழே ஆறு. நடந்து களைத்தவனை இருத்தி அனுப்பக் கட்டிய பாலம் அது. எல்லயின் ஒன்பது வளைவைப் பார்க்கப் போகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை, அது பெரிய நட்டம். பக்கத்தில் பழைய குகை விகாரை, பிராமி எழுத்துள்ள கல்வெட்டும் உண்டு. பாலத்துக்குப் படிகள் இறங்கவேண்டும், கையைப் பிடித்து மெதுவாக இறக்கினால் முடியும். முழங்கால் அன்று வலித்தால் வற்புறுத்தாமல் விகாரை முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தியலும அருவியை இந்தத் தடவை விடுங்கள். 220 மீற்றர், நாட்டில் இரண்டாவது உயரம், ஆனால் கொஸ்லந்தை தாண்டிப் போகவேண்டும், ஆகஸ்டில் தண்ணீர் நூல்போல வடியும். நமுனுகுலை மலையும் மடுல்சீமையின் சின்ன உலக முடிவும் நடக்கக்கூடிய இளவட்டங்களுக்கு, தனியாக ஒரு பயணம் வைத்துப் போகவேண்டியவை.

பதினொரு மணிக்கு முன் பதுளையை விட்டு இறங்குங்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டிக்கொண்டால் நேரம் மிஞ்சும். மகாஓயாவில் நகரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு, சிலதில் கைவைக்க முடியாது. திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் போலத்தான், சனம் குறைவு. எங்கள் நாட்டில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளால் மிக ஆழத்துக்குப் போய், அங்கத்தைய சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி மேலே வருகிறது. மலைநாட்டுப் பாறையும் கிழக்கின் பாறையும் சந்திக்கிற கோட்டை ஒட்டித்தான் இந்த ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று நாள் வளைந்து நெளிந்து வந்த அம்மாவின் காலுக்கு இளஞ்சூட்டு நீர் இரண்டு வாளி ஊற்றினால் வீடு வரை நோவு தெரியாது. பிள்ளைகளைச் சூடான கிணற்றுப் பக்கம் தனியே விடவேண்டாம்.

மகாஓயாவிலிருந்து நீங்கள் செங்கலடிக்குப் போகத் தேவையில்லை. உகனை, அம்பாறை வழியாகக் கல்முனைக்கு வந்து களுவாஞ்சிகுடிக்கு ஏறலாம். வழியில் ராஜகல மலை வரும், இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்த மகிந்த தேரரின் அஸ்தி வைத்த தூபி என்று கல்வெட்டே சொல்கிற இடம். அதுவும் ஏற்றம், அம்பாறை கிட்டத்தானே, இன்னொரு நாள் காலையில் போங்கள். மகாஓயாவை மூன்றரைக்குள் தாண்டப் பாருங்கள். பொழுதுபட்டால் அந்தக் காட்டு வீதியில் யானை இறங்கும். கண்டால் ஹோர்ன் அடிக்காமல், லைட்டை அடித்து மிரட்டாமல், தூரத்திலேயே நிறுத்தி, அது கடக்கும்வரை பொறுத்திருங்கள்.